இங்கிரிட் பெர்க்மன் அம்மையார்

பிரிவு என்பது மக்கள் வாழ்வில் யாவர்க்கும் வந்து எய்தும் துன்பம். நம் தமிழ் நூலார் அதனைப் பாலை என வகுத்து, கல்வி, போர், தூது, பொருள் முதலியன காரணமாகத் தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லுதலை விரித்துரைத்தனர். செல்பவன் தலைவன், இருந்து வருந்துபவள் தலைவி, இதுவே அவர் கண்ட முறை. இம்முறை மாறித் தலைவி செல்ல, அவளைச் செல்லுமாறு விடுத்துத் தலைவன் நிற்பதாக அமைந்த பிரிவொன்றனை மேனாட்டுத் திரைப்படமொன்று காட்டுகின்றது. 1942-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் எடுக்கப்பெற்ற அப்படத்தின் பெயர் காசாபிளாங்கா.

சென்ற பருவத்தில் ஓரிரவு நம் விடுதி மாணவர் சிலர் கூடி அதனைக் கண்டோம். படம் முடிந்த பின்னர் உறங்கச் செல்லாது, அத்தலைவி சென்றது முறையோ, தான் காதலித்தவனோடு நின்றிருத்தல் முறையோ என நெடுநேரம் வாதிட்டோம், உடன்பாடு உண்டாகவில்லை. அவ்வாதமே, தலைவியாய் நடித்த இங்கிரிட் பெர்க்மன் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது. படித்ததனால் எங்கள் வாதத்திற்கு விடை கிடைத்தது என்று சொல்லேன். ஆயினும் அவ்வினாவை நாங்கள் எத்துணை எளிதாகக் கேட்டுவிட்டோம் என்பதை உணர்ந்தேன். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ஸ்வீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் இங்கிரிட் பிறந்தார். தந்தையார் ஜஸ்டஸ் பெர்க்மன் அந்நகரில் புகைப்படக் கடை நடத்தியவர். ஓவியத்திலும் இசையிலும் ஈடுபாடு மிக்கவர். தாயார் பிரீடல் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரத்தினர். குழந்தைக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே தாயார் இறந்துபட்டார். தந்தையார் தம் ஒரே மகளைக் கண்ணை இமை காப்பது போலக் காத்து வளர்த்தார். அக்காலத்தில் புதுமையாயிருந்த படக்கருவியைக் கொண்டு அவருடைய பிறந்தநாள்களைப் படமெடுத்து வைத்தார். தாயின் கல்லறைமீது அச்சிறு குழந்தை மலர் வைப்பதும் அவ்வாறு எடுக்கப்பெற்றது. ஆகவே படக்கருவியின் முன் இங்கிரிட் நின்ற முதற் காட்சிகளுள் ஒன்று பிரிவுக் காட்சியாகவே அமைந்துவிட்டது.

மகள் இசைவாணியாக விளங்குதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஆனால் அவரே மகளை நாடகம் காண அழைத்துச் சென்றபோது, அரங்கமே தம் வாழ்வு என அச்சிறுமி உறுதி கொண்டுவிட்டார். 1929-ஆம் ஆண்டில் தந்தையாரும் புற்றுநோயால் மாண்டார். அதன்பின் ஆதரித்த அத்தையும் ஆறு திங்களுக்குள் இச்சிறுமியின் கைகளிலேயே உயிர் நீத்தார். பதினான்கு வயதிற்குள் மூன்று பேரிழப்புக்களைக் கண்ட இங்கிரிட், சிற்றப்பன் வீட்டில், அவர்தம் மக்களோடு மக்களாய் வளர்ந்தார். பிறரிடம் பேச நாணுவார். ஆயினும் தனியறையில் தாமே பல பாத்திரங்களாக மாறிப் பேசி நடிப்பார். கூச்சம் மிக்க அம்மங்கைக்குப் பிறரொருவராய் நிற்கும்போதே நாவில் சொல் தடையின்றி வந்தது.

1933-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் அரச நாடகப் பள்ளியில் இடம் பெற்றார். ஓராண்டிற்குள் பேசும்படம் அவரை ஈர்த்துக்கொண்டது. 1936-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்மெட்ஸோ என்னும் படம் அவர்க்குப் பெரும்புகழ் தந்தது. மனைவி மக்களுடைய வயலின் வித்துவான் ஒருவரைக் காதலித்த இளம் பியானோ ஆசிரியை, அவர் தம் இல்லத்திற்குத் திரும்புதல் வேண்டி, தன் காதலை விடுத்துத் தானே விலகிச் செல்வதாக அமைந்தது அக்கதை. புகழின் முதற்படியிலேயே இங்கிரிட் ஏற்ற பாத்திரம் துறவின் சாயலுடையது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டில் பெட்டர் லிண்ட்ஸ்ட்ரோம் என்னும் பல் மருத்துவரை மணந்தார். 1938-ஆம் ஆண்டில் பியா என்னும் பெண் மகவு பிறந்தது.

ஹாலிவுட்டில்

அமெரிக்கப் படமுதலாளி டேவிட் செல்ஸ்னிக் என்பார் இன்டர்மெட்ஸோவை ஆங்கிலத்தில் எடுக்க விரும்பி, 1939-ஆம் ஆண்டில் இங்கிரிட்டை வரவழைத்தார். வந்த நடிகையின் பெயரை மாற்றுதல் வேண்டும், புருவத்தை மழித்துத் திருத்துதல் வேண்டும், பற்களைச் சீராக்குதல் வேண்டும் என்பன அங்கு வழக்கமாயிருந்த நிபந்தனைகள். இங்கிரிட் அவற்றுள் ஒன்றிற்கும் இசைந்திலர். தாம் உள்ளவாறே ஏற்றுக்கொள்ளாராயின் ஸ்வீடனுக்கே திரும்பிவிடுவதாகக் கூறினார். செல்ஸ்னிக் கூர்த்த மதியினர், அம்மறுப்பையே விளம்பரமாக்கினார். பூச்சும் புனைவும் அற்ற இயற்கை நங்கை ஒருத்தி வந்துள்ளாள் என நாடெங்கும் பரப்பினார். அது பொய்யன்று. ஆனால் உண்மையைக் கொண்டும் ஒரு கூண்டு சமைக்கலாம் என்பது பின்னரே விளங்கிற்று.

காசாபிளாங்கா

1942-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஆகஸ்டு மாதம் வரை, வார்னர் சகோதரர் ஸ்டூடியோவில், மைக்கேல் கர்ட்டிஸ் என்னும் டைரக்டரின் கீழ் இப்படம் எடுக்கப்பெற்றது. அரங்கேறாத நாடகமொன்றே இதற்கு மூலம். திரைக்கதையை எப்ஸ்டைன் சகோதரர் இருவரும் ஹோவர்டு காச் என்பாரும் எழுதினர். எழுதினர் என்பதினும் எழுதிக்கொண்டேயிருந்தனர் என்பது பொருந்தும்; படப்பிடிப்புத் தொடங்கிய பின்னரும் கதையின் பிற்பகுதி முடிவுறாதிருந்தது.

கதை நிகழும் காலம் 1941-ஆம் ஆண்டு டிசம்பர். ஹிட்லருக்கு அஞ்சி ஐரோப்பாவினின்றும் ஓடிவந்த மக்கள், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மொராக்கோவின் துறைமுகமாகிய காசாபிளாங்காவில், லிஸ்பன் வழியே அமெரிக்கா செல்ல அனுமதிச்சீட்டு வேண்டிக் காத்துக் கிடக்கின்றனர். அங்கே ரிக் என்னும் அமெரிக்கன் ஒரு மதுவிடுதி நடத்துகின்றான். உலகில் எவர்பொருட்டும் தான் துன்புற விரும்பாதவன் போலக் காட்டிக்கொள்பவன் அவன். ஓரிரவு அவ்விடுதிக்கு விக்டர் லாஸ்லோ என்னும் செக் நாட்டு விடுதலை வீரன் தன் மனைவி இல்ஸாவோடு வருகின்றான். அவ்வில்ஸா முன்பு பாரிஸ் நகரில் ரிக்கின் காதலியாயிருந்தவள். கணவன் சிறைமுகாமில் மாண்டான் என நம்பியிருந்த காலத்து உண்டான காதல் அது. ஜெர்மன் படை பாரிஸை நெருங்கிய நாளில், கணவன் உயிரோடிருக்கின்றான் என அறிந்தாள். ரிக்குடன் புறப்படுவதாகச் சொல்லியிருந்த இரயிலுக்கு வராது, காரணம் கூறாத ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பினாள். கொட்டும் மழையில் நின்று அக்கடிதத்தைப் படித்த நாள் முதல் ரிக்கின் நெஞ்சம் கல்லாயிற்று.

இப்பொழுது, கணவனும் மனைவியும் தப்பிச் செல்லுதற்குரிய சீட்டுக்கள் இரண்டும் ரிக்கின் கையில் உள்ளன. இல்ஸா அவற்றைக் கேட்டுக் கெஞ்சுகின்றாள்; துப்பாக்கி காட்டி அச்சுறுத்துகின்றாள்; முடிவில் கண்ணீர் விட்டு, இன்னும் அவனையே காதலிப்பதாகக் கூறி, அனைவர்க்குமாக அவனே சிந்தித்து முடிவு செய்யுமாறு விட்டுவிடுகின்றாள். அவன் முடிவு செய்கின்றான். மூடுபனி படர்ந்த விமான நிலையத்தில் அவளை அவள் கணவனோடு விமானம் ஏற்றுவித்து, தடுக்க வந்த ஜெர்மன் அதிகாரியைச் சுட்டு வீழ்த்தி, தான் பின்தங்கி நிற்கின்றான். விமானம் எழுந்து மறைகின்றது. காதல் தோற்றது, ஆயினும் தோல்வி எனச் சொல்ல நா எழாது. கசப்பும் இனிப்பும் ஒருசேரக் கலந்த நெல்லிக்கனி போன்ற முடிவு அது.

இம்முடிவு பற்றி இரண்டு செய்திகள் அறியத்தக்கன. முதலாவது: மூல நாடகத்திலும் நாயகி கணவனோடுதான் செல்கின்றாள். அன்றியும் 1934-ஆம் ஆண்டு முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாய் நடைபெற்ற ஒழுக்க விதிகளின்படி, மனைவியொருத்தி கணவனை விடுத்துக் காதலனோடு வாழச் செல்வதாகப் படத்தை முடித்தல் அரிது. ஆகவே இல்ஸாவின் தியாகம் கதையின் பெருமை மட்டுமன்று, விதியின் கட்டாயமுமாம். இரண்டாவது: காட்சிகள் நாள்தோறும் எழுதப்பெற்று வந்தமையால், இருவருள் எவனை இல்ஸா மெய்யாகக் காதலிக்கின்றாள் என இங்கிரிட் வினவியும் தெளிவான விடை பெற்றிலர்; இருவர்க்கும் இடைநின்று நடிக்குமாறே கூறப்பெற்றார். அவர் முகத்திற் காணும் அத்தடுமாற்றம், உண்மையாகவே முடிவு அறியாத ஒருத்தியின் தடுமாற்றம். படத்தைக் காண்போர் நெஞ்சை அது பிணிப்பதற்குக் காரணம் இதுவே போலும்.

ரிக்காக நடித்தவர் ஹம்பிரி போகார்ட். சிறு வேடங்கள் பூண்டோருட் பலர் ஐரோப்பாவினின்றும் அகதிகளாய் வந்த நடிகர்கள். ஜெர்மன் அதிகாரியாய் நடித்த கான்ராட் வெய்ட் என்பாரே 1933-ஆம் ஆண்டில் நாசிகளின் ஆட்சிக்கு உடன்படாது ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். விடுதியில் அனைவரும் எழுந்து பிரெஞ்சு நாட்டுப்பண் பாடும் காட்சியில் காணும் கண்ணீர் வெறும் நடிப்பன்று என்பர். நேசநாட்டுப் படைகள் மெய்யான காசாபிளாங்காவில் இறங்கிய 1942-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே, 26-ஆம் நாள், படம் நியூயார்க்கில் முதன்முதல் காட்டப்பெற்றது. 1943-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த படம், சிறந்த டைரக்டர், சிறந்த திரைக்கதை என மூன்று ஆஸ்கார் பரிசுகளை அது பெற்றது. இங்கிரிட்டோ, படப்பிடிப்பு முடிந்ததும் தாம் பெரிதும் விரும்பிய வேறொரு வேடத்திற்காகக் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு சென்றுவிட்டார். இப்படமே தம் பெயரோடு என்றும் ஒட்டி நிற்கும் என அவர் அன்று எண்ணினாரல்லர்.

புகழும் பழியும்

பின்வந்த ஆண்டுகள் ஏற்றமே ஆயின. 1944-ஆம் ஆண்டுப் படமாகிய காஸ்லைட் அவர்க்கு முதல் ஆஸ்கார் பரிசைத் தந்தது. 1945-ஆம் ஆண்டில் கன்னிகாஸ்திரீயாக நடித்தார். 1946-ஆம் ஆண்டில் நாடகமேடையிலும் 1948-ஆம் ஆண்டில் திரையிலும் பிரான்சு நாட்டு அர்ச்சியசிஷ்ட ஜோன் அம்மையாராகத் தோன்றினார். அந்நாடகத்தை வாஷிங்டன் நகரில் நடிக்கச் சென்றபோது, அவ்வரங்கினுள் நீக்ரோவர் என அன்று வழங்கப்பெற்ற கறுப்பின மக்களுக்கு இடமில்லை என்பதை அறிந்து மனம் நொந்தார். பத்திரிகை நிருபர்களின் முன் அவ்விழிவை வெளிப்படையாகக் கண்டித்தார். பலருடைய வெறுப்பைத் தேடித்தரும் செயல் அது என அறிந்தே செய்தார்.

மக்களோ, அவரைப் பாத்திரத்தினின்றும் வேறாகக் காண மறந்தனர். காதலைத் துறந்து கணவனோடு சென்ற இல்ஸா, துறவுக் கோலத்துக் கன்னிகை, தீயில் வெந்த தூயவள் ஆகிய மூவரையும் ஒருருவாய்ச் சேர்த்து அதற்கு இங்கிரிட் எனப் பெயரிட்டு வணங்கினர். அவருடைய இல்வாழ்வோ முன்னரே ஒளி மங்கியிருந்தது. இதனை வெளியார் அறியார்.

1948-ஆம் ஆண்டில், இத்தாலிய டைரக்டர் ராபர்ட்டோ ரோசலினி எடுத்த ரோம் திறந்த நகரம் என்னும் படத்தைக் கண்டு வியந்து, அவர்க்கு இங்கிரிட் ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலம் நன்கறிந்த ஸ்வீடன் நடிகை ஒருத்தி தேவையாயின் தாம் வரச் சித்தமாயிருப்பதாகவும், இத்தாலிய மொழியில் காதலைக் கூறும் சொற்களைத் தவிர வேறு அறியாததாகவும் அதில் எழுதியிருந்தார். 1949-ஆம் ஆண்டில் இத்தாலி சென்று, ஸ்ட்ராம்போலி என்னும் எரிமலைத் தீவில் அவருடைய படத்தில் நடித்தார். இருவர்க்குமிடையே காதல் உண்டாயிற்று. மணவிலக்கு முடியுமுன்னரே, 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ரோம் நகரில் அவர்க்கு ஆண் மகவு பிறந்தது. அவ்வாண்டு மே மாதத்திற்றான் ரோசலினியை மணந்தார்.

அமெரிக்கா கொதித்தெழுந்தது. நேற்று வணங்கியோர் இன்று தூற்றினர். படத்தைக் காட்டுதல் கூடாதெனப் பல ஊர்களில் கிளர்ச்சி நிகழ்ந்தது. மார்ச்சு மாதம் 14-ஆம் நாள், கொலராடோ மாகாணத்துச் செனட்டர் எட்வின் ஜான்சன், நாட்டின் உயர்ந்த சட்டசபையில் எழுந்து நின்று இங்கிரிட்டைக் கடுஞ்சொற்களால் வைது பேசினார். நடிகர்களின் ஒழுக்கத்தை ஆராய்ந்து உரிமம் வழங்கும் முறை வேண்டும் என்னும் மசோதாவையும் கொணர்ந்தார். சட்டசபை ஏறிப் பழிக்கும் அளவிற்கு ஒரு நடிகையின் குடும்பச் செய்தி பெரிதாயிற்று. தாம் சமைத்த தெய்வம் மானிடப் பெண்ணாய் மாறியதை அவர்கள் பொறுத்திலர். கையிற் கல்லேந்தி நின்ற கூட்டத்தின் நடுவே பெண்ணொருத்தியை நிறுத்திய சுவிசேட நிகழ்ச்சியை இங்கு நினையாத கிறிஸ்தவர் யார்? நினைந்தோர் சிலரே என்பதுதான் துயரம்.

எனினும் உண்மையின் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் முறையன்று. அமெரிக்காவில் தந்தையோடு தங்கிய பியாவுக்கு அப்பொழுது பதினொரு வயது. தாயின் செய்தியைப் பத்திரிகைகள் நாள்தோறும் பறையறைய, அச்சிறுமி பள்ளி செல்ல வேண்டியிருந்தது. 1952-ஆம் ஆண்டில், மகளை இத்தாலிக்கு அனுப்புமாறு இங்கிரிட் தொடுத்த வழக்கில், பதின்மூன்று வயதுப் பியா நீதிபதியின் முன் நின்று, தாயின்மேல் தனக்கு அன்பு இல்லை எனச் சாட்சி கூறினாள். வழக்குத் தோற்றது. 1951-ஆம் ஆண்டிற் பிரிந்த தாயும் மகளும் மீண்டும் ஒருவரை ஒருவர் கண்டது 1957-ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தன ஆறு ஆண்டுகள். செனட்டரின் வசை காற்றோடு போயிற்று. அப்பெண்ணின் ஒரு சொல்லோ தாயின் நெஞ்சில் தைத்து நின்றது. தாயின் முகம் காணாது வளர்ந்த இங்கிரிட்டே தம் மகளுக்குத் தாயின் முகத்தை மறைத்தவர் ஆனார். இதற்கு இணையான துன்பத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் அவர்க்கு எழுதித் தந்ததில்லை.

மீட்சி

ரோசலினியோடு வாழ்ந்த ஆண்டுகளில் இரட்டைப் பெண் மக்களும் பிறந்தனர். இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருளிழப்பையே தந்தன. பிற்காலத்து அறிஞர்கள் அவற்றைப் போற்றினர் எனினும் அன்று அரங்குகள் வெறிச்சோடின. 1956-ஆம் ஆண்டில், இங்கிரிட் அனஸ்தேஷியா என்னும் அமெரிக்கப் படத்தில் நடிக்கும் வாய்ப்பைத் துணிந்து ஏற்றார். ருசியச் சக்கரவர்த்தியின் மகளோ அல்லளோ எனத் தன்னையே அறியாது அலையும் ஒருத்தியின் வேடம் அது. அவ்வேடத்திற்காக 1957-ஆம் ஆண்டில் இரண்டாம் ஆஸ்கார் பரிசு அவர்க்கு வழங்கப்பெற்றது. அவர் விழாவிற்கு வந்திலர். நண்பர் கேரி கிராண்ட் அவர்சார்பிற் பெற்றுக்கொண்டார். அந்நாளில் ரோசலினி நம் பாரத நாட்டைப் பற்றிய படமெடுக்க இங்கு வந்திருந்தார். இங்கே அவருள்ளம் வேறொருவர்பாற் சென்றது. யாவற்றையும் விடுத்து இங்கிரிட் தேடிய அம்மணமும் அவ்வாண்டிலேயே முறிந்தது.

1958-ஆம் ஆண்டுப் படமொன்று நம் போன்ற மிஷன் கல்லூரி மாணவர்க்குத் தனியே குறிக்கத்தக்கது. இலண்டனில் வீட்டு வேலைக்காரியாயிருந்து, எந்தச் சங்கமும் அனுப்பாத நிலையில், தாமே பொருள் சேர்த்து 1930-ஆம் ஆண்டில் சீனா சென்று ஊழியம் புரிந்தவர் கிளாடிஸ் ஐல்வார்டு அம்மையார். ஜப்பானியப் படையெடுப்பின்போது நூறு குழந்தைகளை மலைகளைக் கடந்து நடத்திச் சென்று காத்தவர். அவ்வம்மையாராக இங்கிரிட் நடித்தார். குள்ளமான உருவினராகிய தம்மை நெடிய ஸ்வீடன் நங்கையாகக் காட்டியதும், இல்லாத காதற் காட்சிகளைப் புகுத்தியதும் மெய்யான ஐல்வார்டு அம்மையாரைப் பெரிதும் வருத்தின. அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் அப்படத்தில் குழந்தைகள் புடைசூழ மலையேறும் இங்கிரிட்டின் முகத்தைக் காண்போர், தம் குழந்தைகளைப் பிரிந்த துயரை அறிந்த ஒருத்தியின் முகம் அது என்பதை உணராதிரார்.

அவ்வாண்டு டிசம்பரில் லார்ஸ் ஷ்மித் என்னும் ஸ்வீடன் நாட்டு நாடகத் தயாரிப்பாளரை மணந்தார். அம்மணமும் 1975-ஆம் ஆண்டில் விலக்காயிற்று. நட்பு மட்டும் இறுதிவரை நின்றது. 1959-ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் பரிசு வழங்க மேடையேறியபோது, கூடியிருந்தோர் எழுந்து நின்று கரவொலி எழுப்பினர். 1972-ஆம் ஆண்டில், இல்லினாய் மாகாணத்துச் செனட்டர் சார்லஸ் பெர்சி, முன்னர் வசை ஒலித்த அதே சபையில், அவர்க்கு இழைக்கப்பெற்ற தவற்றிற்கு வருந்திப் பேசினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்து வந்த நீதி அது.

இறுதி ஆண்டுகள்

1974-ஆம் ஆண்டுப் படமொன்றில் ஏற்ற சிறு வேடத்திற்காக மூன்றாம் ஆஸ்கார் பரிசு பெற்றார். அதனைப் பெற்ற மேடையிலேயே, போட்டியிலிருந்த இத்தாலிய நடிகை வாலண்டினா கார்ட்டீசே தம்மினும் தகுதியுடையார் எனக் கூறினார். இதற்குள் மார்பிற் புற்றுநோய் கண்டிருந்தது.

1978-ஆம் ஆண்டில் வெளிவந்த இலையுதிர்காலக் கீதம் என்னும் ஸ்வீடன் மொழிப் படமே திரையரங்குகளுக்காக அவர் நடித்த இறுதிப் படம். டைரக்டர் இங்மார் பெர்க்மன், பெயரொற்றுமையன்றி உறவினரல்லர். கலையின் பின்னே உலகெங்கும் சென்று, பெற்ற மக்களைத் தனியே விட்ட பியானோக் கலைஞர் ஒருத்தியை, வளர்ந்த மகள் ஓரிரவு முழுதும் கேள்வி கேட்டு வாட்டுவதே கதை. அவ்வேடத்தின் பொருளை அவரினும் நன்கு அறிந்தார் யார்? மறைத்துக்கொள்ளுதற்கு எளிதாயிருந்தும், உலகமறியத் தம் புண்ணைத் தாமே தொட்டுக் காட்டினார்.

1981-ஆம் ஆண்டில், இஸ்ரவேல் நாட்டின் பிரதமராயிருந்த கோல்டா மேயர் அம்மையாராகத் தொலைக்காட்சிக்காக நடித்தார். நோயினால் கை வீங்கியிருந்தது. மறுநாட் படப்பிடிப்பிற்காக வீக்கம் வடிதல் வேண்டி, இரவெல்லாம் கையை உயர்த்திக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார். தம் அறுபத்தேழாம் பிறந்தநாளாகிய 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். அடுத்த மாதத்தில், அவ்விறுதி வேடத்திற்கு எம்மி என்னும் தொலைக்காட்சிப் பரிசு வழங்கப்பெற்றபோது, மேடையேறித் தாயின் சார்பில் அதனைப் பெற்றுக்கொண்டவர் மூத்த மகள் பியா. முப்பதாண்டுகட்கு முன் நீதிபதியின் முன் நின்ற அச்சிறுமியே இவர்.

முடிவுரை

இனி, எங்கள் விடுதி வாதத்திற்குத் திரும்புவேன். திரையில் இல்ஸா செல்கின்றாள். முடிவை அவளுக்காக வேறொருவன் செய்கின்றான். விமானம் மறைந்ததும் விளக்குகள் ஏற்றப்பெறுகின்றன. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகின்றோம். லிஸ்பனில் மறுநாட் காலை அவள் எவ்வாறு விழித்தெழுந்தாள் என்பதை எவரும் காட்டுவதில்லை. காட்டாமையே அம்முடிவின் இனிமைக்குக் காரணம். இங்கிரிட்டுக்கோ முடிவு செய்யப் பிறர் இலர். இல்ஸா செய்யாததை அவர் செய்தார். செய்தபின் விடிந்த ஒவ்வொரு காலையையும் தாமே சந்தித்தார். அவற்றுட் கசந்தன பல, இனித்தன சில. இல்லத்தில் நின்றிருப்பின் அவை வேறு வகையிற் கசந்திருக்கும் போலும். எந்த வழி செல்லினும் எவரேனும் ஒருவர் மழையில் நிற்க நேரிடுகின்றது. அவர் விட்டுச் சென்ற வழியில் நின்றது ஒரு குழந்தை. ஆதலின் அவர் செயலைச் சரியென்று நான் சொல்லேன். கல்லெறிந்தோரைச் சரியென்றும் சொல்லேன்.

சொல்லத்தக்கது ஒன்றுண்டு. பிறர் செய்யும் தியாகத்தைக் கண்டு அழுதல் எளிது; அக்கண்ணீரைக் கடனாகக் கொண்டு, அழச்செய்தவரே அவ்வாறு வாழ்தல் வேண்டும் எனக் கேட்டல் அதனினும் எளிது. இங்கிரிட் பொய்க்கோலம் பூண்டு அக்கடனைத் தீர்க்க முயன்றாரல்லர். புருவத்தைத் திருத்த மறுத்த அவ்வுறுதியே, தம் தவற்றைப் பூசி மறைக்க மறுத்த உறுதியாயும் நின்றது. தொழிலை ஒரு நாளும் கைவிட்டிலர். தூற்றியோரைத் தூற்றியும் திரிந்திலர்.

1982-ஆம் ஆண்டு அக்டோபரில், இலண்டன் புனித மார்ட்டின் ஆலயத்தில் அவர் நினைவாக வழிபாடு நிகழ்ந்தது. ஐல்வார்டு அம்மையாராய் அவர் நடித்த படத்தில், குழந்தைகள் மலைவழியே பாடிச் சென்ற சிறுவர் பாட்டு அவ்வாலயத்தில் ஒலித்தது. மறுமுறை காசாபிளாங்காவைக் காண நேரின், இல்ஸா சென்றது முறையோ என வாதிடுமுன், அப்பாட்டையும் அச்சிறுமியையும் சிறிது நேரம் நினைந்திருப்பேன். நண்பர்களும் அவ்வாறே நினைப்பாராக.